மூன்றாவது விட்டம்

மூன்றாவது விட்டத்துக்கு வெட்டிய மரமும் உள்ளே போக மறுத்தது.

வின்னிபெக்கில், தொண்ணூறு வருடப் பழைய வீடு. மகன் மார்க்கும் நிறைமாதமாக இருக்கும் அவன் மனைவியும் குடிவருவதற்காக ஓரெஸ்ட் நிலவறையைச் சீர் செய்துகொண்டிருந்தான். அதன் உட்கூரைப் பலகைகளைப் பிரித்த பிறகுதான், சமையலறைத் தரையைத் தாங்கும் விட்டங்கள் தொய்ந்து கிடப்பது தெரிந்தது.

ஒவ்வொன்றோடும் ஒரு புது மரத்தை ஒட்டி வைத்து போல்ட் முடுக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்திருந்தான். இது நான்காவது சனிக்கிழமை.

கடையில் வாங்கிய மரம் பழையதைவிட முக்கால் அங்குலம் உயரம் குறைவு. ஒயர்கள் குறுக்கே வந்தன. தொய்வை நிமிர்த்த அடியில் வைத்த ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றினால் மேலே சமையலறையில் ஓடு விரிசல் விட்டது.

இப்போது தண்ணீர்க் குழாய் வழிமறித்தது. அதன்மேல் சுற்றியிருந்த பழைய துணியை எரிச்சலோடு பிய்த்துப் போட்டான்.

குழாய் போவதற்காக யாரோ விட்டத்தின் அடிப்பக்கத்தைப் பாதி ஆழத்துக்கு வெட்டியிருந்தார்கள். கோணலும் மாணலுமாக, சிம்பு சிம்பாக.

“எந்த மடையன் செஞ்ச வேலை இது? ரம்பத்தால அறுத்தானா, பல்லால கடிச்சானா? தரை இறங்காம என்ன செய்யும்? இந்த வீட்டை வித்து நம்ம தலையில கட்டினானே அந்தக் கிழவன், அவன் மட்டும் இப்ப உயிரோட இருந்தா...”

மரத்தின் மறுமுனையைத் தோளில் தாங்கி நின்ற மனைவி டார்லீன் அவனைத் திட்டி முடிக்க விடவில்லை.

“நான்தான் வெட்டினேன்.”

ஓரெஸ்ட் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“மார்க் கைக்குழந்தையா இருந்தப்ப, ஜனவரியில குழாய் உறைஞ்சு வெடிச்சுது. வெளிச்சுவர் பக்கம் வேண்டாம், நடுவுல கொண்டுபோன்னு குழாய்க் கடைக்காரர் போன்ல சொன்னார். ரம்பம் இல்ல. ரொட்டிக் கத்தியால அறுத்தேன்.”

“ரம்பம் எப்படி இல்லாம போகும்? என் கருவிப் பெட்டியில...”



கருவிப் பெட்டியை அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுவாரம் அவனே காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான், வேறொருத்தியின் வீட்டுக்கு. மார்க்குக்கு அப்போது ஏழு மாதம்.

பனி உருகத் தொடங்கியபோது திரும்பி வந்தான். டார்லீன் கதவைத் திறந்துவிட்டாள். எங்கே இருந்தாய் என்று அவள் கேட்கவில்லை. இங்கே எப்படி இருந்தீர்கள் என்று அவனும் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது.

“தோள் வலிக்குது. தூக்கு” என்றாள்.

தூக்கினான். மரம் மறுபடியும் பாதியில் சிக்கிக்கொண்டது.

இந்த முறை அவன் யாரையும் திட்டவில்லை. குழாயைப் பார்த்தபடியே நின்றான்.

“தண்ணி இல்லாம எத்தனை நாள் இருந்தீங்க?”