வெறுங்கையில் ஒரு பலகை

ஜப்பானின் நீகாத்தாவில் காலை வெயில் அஸ்திவாரக் கம்பிக்கட்டின் மேல் ஏறி, ராத்திரி பெய்த மழையின் சொட்டுகளை மினுக்குகிறது. வாசலில் கான்கிரீட் லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. தலைமை அலுவலகம் கம்பிக்கட்டின் படத்தைப் பார்த்துச் சரியென்றால்தான் ஊற்ற முடியும். மேற்பார்வையாளர் குசுனோக்கி எடுத்தனுப்பிய படத்துக்கு டேப்லெட்டில் பதில் வந்து விழுகிறது: ‘நடுவில் ஆள் எதற்கு? மறுபடி எடுக்கவும்.’ அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். கம்பிகளுக்குப் பக்கத்தில் பழைய தொழிலாளி ஒகாத்தா இன்னும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்பு அவர் படத்துக்காகப் பிடித்து உட்கார்ந்த, இடமும் தேதியும் எழுதிய கரும்பலகையை இப்போதெல்லாம் செயலியே படத்தின் மூலையில் ஒட்டிவிடுகிறது. அத்தனை வருஷம் பலகை பிடித்த கைகளுக்கு அது உறைக்கவில்லை. நெஞ்சுக்கு நேரே காற்றைப் பிடித்திருக்கின்றன. அவள் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து செயலி வரும்வரை எடுத்த படங்களில் எல்லாம் சாக்பீஸ் தூள் படிந்த அந்த விரல்கள் உண்டு.

“அண்ணே, கையில பலகை எங்க?”

அவர் குனிந்து பார்க்கிறார். முகம் காது வரை சிவந்துபோகிறது. “அட, கெட்ட பழக்கம்மா!” என்று எழப் போகிறார்.

“யோவ், ஊத்தணுமா, இல்ல நான் தூங்கவா?” என்று லாரிக்காரன் கத்துகிறான்.

“அசையாதீங்கண்ணே.” அவள் மறுபடி எடுக்கிறாள். திரையின் மூலையில் கிடக்கும் பலகையை ஒற்றை விரலால் மெல்ல இழுத்து, அந்த இரண்டு கைகளுக்கும் நடுவே கொண்டுவந்து வைக்கிறாள்.

“நேரா இருக்காம்மா?” வழக்கம்போலக் கேட்கிறார்.

“கொஞ்சம் இடது பக்கம் தூக்குங்க,” என்கிறாள் அவள்.

அவர் தூக்குகிறார்.