காந்தத்தில் ஒட்டாதது

சலூன் டிவியில் போர்நிறுத்தம் என்று அறிவித்ததும், காத்திருந்தவர்களுக்கு ஆட்டம் பாதியில் நின்றுபோன எரிச்சல். “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா சோலிய முடிச்சிருக்கலாம். என்ன மாமா?” என்று வெள்ளைப்பாண்டி, நாற்காலியில் இருந்த இசக்கிராஜைக் கேட்டான். போர்முனையில் காயம்பட்டு விடுப்பில் வந்திருந்த அந்தச் சிப்பாய் தலையை இன்னும் குனிந்துகொடுத்தான். பிடரியை மழித்துக்கொண்டிருந்த சிவனுவின் கத்தி எதிலோ தட்டியது. பழைய தழும்பிலிருந்து, விதை முளைப்பதுபோல, அரிசியளவில் ஒன்று வெளியே வந்தது. “அவனுவ குண்டுச் சில்லுல்லா!” வெள்ளைப்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினான். “குடு, சாமி படத்துக்கிட்ட வைப்போம்.” சிவனு அதைக் கழுவி, உடைந்த பிளேடுகளைப் பொறுக்கும் காந்தத்தை அருகில் கொண்டுபோனான். ஒட்டவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வெள்ளையாக, நுண்ணிய துளைகளோடு இருந்தது. “அண்ணாச்சி, இது எலும்பு. உங்களுதா?”

“எனக்கு எலும்பு எதுவும் முறியல.”

யாரோ டிவியை அணைத்தார்கள். இன்னொரு மனிதனின் துளி, இத்தனை மாதம் இவனுடைய சூட்டில் கிடந்து, இவன் திரும்பிய பக்கமெல்லாம் திரும்பியிருக்கிறது.

“அப்ப யாருது மாமா?”

“குண்டு விழுந்தப்ப பதுங்குகுழிக்குள்ள என்கூட ரெண்டு பேரு. ஒருத்தன் நம்மாளு. ஒருத்தன் அந்தப் பக்கத்துக்காரன்.”

இசக்கிராஜ் அதை எடுத்து, இன்னமும் நீண்டிருந்த அந்தக் கையில் வைத்தான். வெள்ளைப்பாண்டி சாமி படத்தைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். பிறகு, அதற்குக் குளிரும் என்பதுபோல, மறு கையால் மெல்ல மூடிக்கொண்டான்.