நீலம் வந்தால் கள்ளன்

"இந்த வகுப்புக்குள்ளதான் கள்ளன் இருக்கிறான்! எனக்குத் தெரியும்!"

நேசமலர் ரீச்சர் மேசையில் அடித்த அடியில் சோதனைக் குழாய்கள் கிலுங்கின. மேசை நடுவே எனாமல் கோப்பை வெறுமையாய்க் கிடந்தது. சமிபாட்டுப் பாடத்துக்கென்று அவள் கொண்டுவந்து வைத்த சோறும் அவித்த முட்டையும், தேவாரம் பாடி முடித்துப் பிள்ளைகள் உள்ளே வருவதற்கிடையில் காணாமல் போயிருந்தன.

குடியேற்றத் திட்டத்தின் ஓலைப் பள்ளிக்கூடம் அது. அயடீன் போத்தலைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியிடம் கெஞ்சி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். வாய், இரைப்பை, குடல் என்று வர்ணச் சோக்கால் கரும்பலகை நிறையக் கீறியும் வைத்திருந்தாள். அத்தனையும் வீண்.

"ஆர் எடுத்தது? எழும்பிச் சொல்லுங்கோ!"

தவராசா மட்டும் கையை உயர்த்தினான். "ரீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டே?"

"இப்பதானே எல்லாருமாச் சேந்து குடத்தை அரைவாசியாக்கிப்போட்டு வந்தனீங்கள்! இரு அதிலை!"

சத்தம் கேட்டுத் தலைமை வாத்தியார் வீரகத்தி பிரம்போடு வந்துவிட்டார்.

"நான் அப்பவே சொன்னனான் ரீச்சர், உதுகளுக்கு முன்னால சாப்பாட்டுச் சாமான் வைக்காதேங்கோ எண்டு. மழை பொய்ச்சால் களவெடுக்கலாமோ? தள்ளி நில்லுங்கோ. எல்லாருக்கும் போட்டால் கள்ளன் தன்ரபாட்டில வெளியில வருவான்."

"வேண்டாம் சேர். ஒருத்தன் செய்ததுக்கு மற்றப் பிள்ளையள் ஏன் அடி வாங்கவேணும்? கள்ளனை நானே பிடிச்சுத் தாறன்."

நேசமலர் கோபத்தோடு அயடீன் போத்தலைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினாள்.

"சோத்தில இருக்கிறது மாப்பொருள். வாயில உமிழ்நீர் பட்டவுடனை அது சீனியா மாறத் தொடங்கும். ஆனால் முழுக்க மாறாது. பல்லிடுக்கில கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒவ்வொருத்தரா வந்து வாயைக் கொப்பளிச்சு, இந்தப் பீங்கான் தட்டுக்குள்ள துப்புங்கோ. நான் அயடீன் விடுவன். மாப்பொருளில பட்டால் அது நீலமாகும். நீலம் வந்தால் கள்ளன்!"

முதலில் அருந்ததி வந்தாள். கொப்பளித்துத் துப்பினாள். ஒரு சொட்டு அயடீன் விழுந்தது. நிறம் மாறவில்லை. மண்ணிறம்.

"போ. அடுத்தது!"

தவராசா. மண்ணிறம். அவனுக்குப் பின்னால் வந்தவனும் மண்ணிறம்தான். நேசமலர் பீங்கானைக் கழுவுவதும், சொட்டு விடுவதும், மறுபடி கழுவுவதுமாய் நின்றாள். வாங்குகளில் இருந்த பிள்ளைகள் வரிசை வரிசையாய் வந்து போனார்கள். நீலத்தைக் காணவில்லை.

வீரகத்தி செருமினார். "உங்கட மருந்து பழுதாப்போச்சுப் போல கிடக்கு."

"மருந்தில ஒரு பிழையுமில்லை சேர்!" என்று வெடித்தவள், சட்டென்று நின்றாள்.

மருந்து சரியென்றால் எல்லா வாயிலும் அல்லவா நீலம் வந்திருக்க வேண்டும்? பிட்டென்றாலும் ரொட்டியென்றாலும் மாப்பொருள்தானே? வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த வாயிலும் அது ஒட்டிக்கொண்டுதானே இருக்கும்?

"அருந்ததி, காலமை என்ன சாப்பிட்டனீ?"

"தேத்தண்ணி, ரீச்சர்."

"அதோட?"

"பனங்கட்டி."

"தவராசா, நீ?"

"தேத்தண்ணி."

அடுத்தவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன், உங்கட வீடுகளில நெல்லு இல்லையோ?"

"விதைநெல்லு மட்டும் கிடக்கு, ரீச்சர்" என்றாள் அருந்ததி. "அதைத் தொடக்கூடாதெண்டு அம்மா சொன்னவா."

தங்கியிருந்த வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்த இடியப்பம் நேசமலரின் நெஞ்சில் வந்து அடைத்தது. கரும்பலகையில் சிவப்புச் சோக்கால் அவள் கீறிய பெரிய இரைப்பை, வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய கோபம் அடங்கவில்லை. அதை யார் மேல் கொட்டுவதென்றுதான் இப்போது தெரியவில்லை.

மிச்சம் ஒருத்திதான். கடைசி வாங்கில் கமலாசனி. அவள் எழும்பி வரவேயில்லை.

நேசமலர் தண்ணீர்ப் பேணியோடு அவளிடம் போனாள். கமலாசனி பேணியை வாங்கவில்லை. உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். மடியில் கோத்திருந்த கைகள் ஈர்க்குப் போல் இருந்தன.

"என்ன ரீச்சர் அவளைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" வீரகத்தியின் பிரம்பு வாங்கில் பளாரென்று விழுந்தது. "கொப்பளிக்கச் சொல்லுங்கோ! எனக்கு இப்ப கள்ளன் ஆரெண்டு தெரியவேணும்!"

நேசமலர் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு பேணியைத் தன் வாயிலேயே வைத்து உறிஞ்சினாள். நன்றாகக் கொப்பளித்துப் பீங்கானுக்குள் துப்பினாள். அயடீனைச் சரித்தாள்.

மை கொட்டினாற்போல் கருநீலம் பரவியது.

அந்தப் பீங்கானை அவள் தலைமை வாத்தியாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கண்கள் சிவந்திருந்தன.

"நான்தான் சேர் திண்டனான்."