கப்பல்காரர் முடிச்சு

கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டுவிட்டு அத்தை சொன்னார்: “ஜாடியை எடுத்துட்டு வாம்மா.”

எந்த ஜாடி என்று நான் கேட்கவில்லை.

அது சமையலறையின் மேல்தட்டில், மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு கைகளாலும் இறக்கி, மேஜையில் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கப்பலில் மெக்கானிக்காக இருந்த என் கணவர், கடைசியாகக் கிளம்புவதற்கு முந்தின நாள் போட்ட எலுமிச்சை. ஒவ்வொரு பழத்தையும் நாலாகக் கீறி, உப்பை அடைத்து, ஜாடியின் வாயைத் துணியால் மூடிக் கயிறு கட்டினார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜாடியைக் கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். பல கை புகுந்தால் ஏதாவது ஒன்று ஈரக்கையாக இருக்கும், பூஞ்சணம் பிடித்துவிடும் என்பது காரணம்.

“பத்தே நாள். அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க, நானே வந்து கிளறிக்கிறேன்” என்றார்.

அவர் போட்டது கப்பல்காரர் முடிச்சு. எப்படிப் போடுவது என்று எங்கள் யாருக்கும் காட்டித் தந்ததில்லை. “இதென்னடா, ஊறுகாய் ஜாடியா பேங்க் லாக்கரா?” என்று அவருடைய அக்கா கேலி செய்தார்.

பத்து நாள் ஏழு மாதம் ஆயிற்று.

அவன் வந்து அவிழ்ப்பான் என்று அத்தை சொல்லிவிட்டார். அதற்கு மேல் அந்த ஜாடியைப் பற்றி வீட்டில் பேச்சில்லை.

இன்று காலை கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில், கப்பலைத் தேடுவதை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தார்கள்.

“அவிழு” என்றார் அத்தை.

நான் உடனே கயிற்றைத் தொடவில்லை. கடிதத்தால் மட்டும் அல்ல.

உப்பிட்ட எலுமிச்சையைக் கிளறாமல் விட்டால் மேலே இருக்கும் பழங்கள் கெட்டுப்போகும். ஏழு மாதம் தொடாத ஜாடியைத் திறந்தால் நாற்றம்தான் அடிக்க வேண்டும். இதில் அடிக்காது.

அவர் கிளம்பிய பதினாறாம் நாள் மதியம், அத்தை தூங்கும்போது, நான் அதை அவிழ்த்துவிட்டேன். கயிறு எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று பார்த்துப் பார்த்து அவிழ்த்ததில், எட்டாவது தடவை திரும்பக் கட்ட வந்தது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் வியாழனும் காய்ந்த மரக்கரண்டியால் கிளறிவிட்டு, அதே முடிச்சைப் போட்டு வைத்தேன். சில நாள் நான் கிளறுவதற்கு முன்பே உப்பு அடியில் தங்காமல் நன்றாகக் கரைந்திருக்கும். நல்ல உப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வந்து பார்க்கும்போது கெட்டிருக்கக் கூடாது என்றுதான் முதலில் தொட்டேன். எந்த வாரத்தோடு அந்தக் காரணம் தீர்ந்துபோயிற்று என்று எனக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியக் கூடாது. பிள்ளை வருவான் என்று ஒரு ஜாடியைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறவர். மருமகள் எப்போதோ நம்பிக்கையை விட்டுவிட்டாள் என்று அவரிடம் எப்படிக் காட்டுவது?

அதனால் தெரியாதவள் மாதிரி கயிற்றைத் தடவினேன். இந்தப் பக்கம் இழுத்தேன். நகத்தால் நெம்பினேன்.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். துணியின் மடிப்புக்குள் செருகியிருந்த நுனியைத் தேடாமலே தொட்டு எடுத்து, ஒரே இழுப்பு.

முடிச்சு மொத்தமும் கழன்று கயிறு மேஜையில் விழுந்தது.

துணியை எடுத்தேன். பழங்கள் பழுப்பேறி, மினுமினுப்பாக, உப்புத் தண்ணீருக்குள் அமுங்கிக் கிடந்தன. பூஞ்சணம் ஒரு பொட்டுகூட இல்லை.

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் ஜாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செவ்வாயும் சனியும்” என்றார். “நீ குளிக்கப் போறப்ப.”

மரக்கரண்டியால் இரண்டு பழங்களை எடுத்தார். எனக்கு ஒரு தட்டு, அவருக்கு ஒரு தட்டு. பிறகு கயிற்றை என் பக்கம் தள்ளினார்.

துணியை மூடி, வெறும் முடிச்சாகப் போட்டேன். யார் வேண்டுமானாலும் அவிழ்க்கலாம்.