மதியச் சங்கு

அவன் சங்கின் பொத்தானை அழுத்திவிட்டு அணையின் மேலிருந்து கீழே பார்த்தான்.

தேயிலைச் சரிவில் நின்ற பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு ஆற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஏற வேண்டியவர்கள் இறங்குகிறார்கள்.

இன்னொரு முறை அழுத்தினான். பின்தங்கிய இருவரும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சங்கு வேலை செய்கிறதா என்று தினமும் உச்சிப்பொழுதில் ஊதிப் பார்ப்பது அணையின் வழக்கம். அதைக் கேட்டதும் சாப்பாட்டுக்குக் கிளம்புவது எஸ்டேட்டின் வழக்கம். ஆற்றில் கை கழுவி, பாறையிலேயே உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பார்கள். இத்தனை வருஷத்தில் அந்தச் சங்கு வெள்ளத்துக்கென்று ஒருநாளும் ஊதியதில்லை. இன்றைக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

அந்தக் கூட்டத்தில் எஸ்தர் இருந்தாள். அவன் மனைவி.

மேல்மலையில் விடியலிலிருந்து கொட்டிய மழை அணைக்குள் நிறைந்துவிட்டது. இங்கே ஒரு பொட்டுத் தூறல் இல்லை. மண் அணை. தண்ணீர் வழிந்தால் கரைந்துவிடும். அடிவாரத்து ஊர் மொத்தமும் போய்விடும். அதற்குள் ஷட்டரைத் திறந்து ஆற்றில் விட்டாக வேண்டும்.

கங்காணிக்குப் போன் போட்டான். சிக்னல் எட்டாத பள்ளம் அது.

கூட வேலை பார்க்கும் மாசிலாமணி ஷட்டர் விசையருகே வெளிறிப்போய் நின்றான்.

"நீங்க ஓடுங்கண்ணே. சங்கை நிறுத்தாம அழுத்திட்டே இருக்கேன். தண்ணி விளிம்பைத் தொட்டா நிறுத்திட்டு ஷட்டரைத் தூக்கிருவேன். எனக்கு வேற வழியில்லண்ணே."

ஓடினான். படிகளைத் தாவினான். ஒரு செருப்பு எங்கோ போனது. முள் காலைக் கிழித்தது. நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று சங்கைக் கெஞ்சிக்கொண்டே ஓடினான்.

பாறைகள் கண்ணுக்குத் தெரிந்ததும் கத்தினான். மேலே ஏறுங்க, தண்ணி வருது. தொண்டை கிழியக் கத்தினான்.

பள்ளத்தாக்கு முழுக்கச் சங்கு. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

இரண்டு கைகளையும் வீசினான்.

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி எஸ்தரின் விலாவில் இடித்து அவனைக் காட்டினாள். வேலை நேரத்தில் பெண்டாட்டியைத் தேடி விழுந்தடித்து வருகிற புருஷனைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அந்தச் சங்கு கொஞ்சம் நின்றால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்தான். இல்லை, நிற்கக் கூடாது.

எஸ்தர் வெட்கத்தோடு நகர்ந்து, பாறையில் அவனுக்கு இடம் விட்டாள்.

சங்கு நின்றது.

அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"வாங்க, ரெண்டு பேருக்கும் சோறு இருக்கு."