மூன்றும் கெட்டி

"கிளட்ச்சை மெதுவா விடுங்கக்கா" என்றார் மெக்கானிக், திறந்திருந்த பானெட்டுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றபடி.

அவள் பிரேக்கை அழுத்திக்கொண்டு, முதல் கியரில், கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

இன்ஜின் ஒரு பக்கமாக எழும்பி 'டொம்' என்று உட்கார்ந்தது. கார் மொத்தமும் ஒரு உதறு உதறியது.

இந்த உதறலுக்காகத்தான் லைசென்ஸ் டெஸ்டில் அவள் மூன்று முறை பெயில். அந்த ஆபீஸில் இருப்பதே ஒரு இன்ஸ்பெக்டர்தான். மூன்று முறையும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அதே வரியைத்தான் எழுதினார்: கிளட்ச் கட்டுப்பாடு போதாது.

தப்பு அவள் காலில் இல்லை. இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் ரப்பர் மூன்றும் கிழிந்து தொங்கின.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருடமாகத் தன் காலைத் தானே திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நாளை காலை பத்து மணிக்கு நான்காவது டெஸ்ட். பாஸானால் பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை. திங்கட்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

மெக்கானிக் இரண்டு வகை ரப்பரை மேஜைமேல் வைத்தார். ஒன்று, கார் வாங்கும்போதே வருகிற மெத்து ரகம். விரலால் அழுத்தினால் அமுங்கியது. இன்னொன்று கெட்டி ரகம். அவள் அழுத்திப் பார்த்ததில் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம்.

கெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவர் லேசில் விடுவதாக இல்லை. இதைப் போட்டால் இன்ஜின் ஆடாது, கியர் சுத்தமாக விழும், ஆனால் அதிர்வெல்லாம் சீட்டுக்கு ஏறிவிடும் என்றார். ஆட்டோமேட்டிக் என்றால் அவர் போட விடவே மாட்டாராம். சிக்னலில்கூட கியரிலேயே, பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கிற வண்டி அது. போன மாதம் ஒரு வக்கீல் அடம்பிடித்துப் போட்டுக்கொண்டு போனவர், சிவப்பு விளக்கில் பல்லெல்லாம் தந்தியடிக்கிறது என்று இரண்டே நாளில் கழற்ற ஓடிவந்தார். கியர் வண்டியை நியூட்ரலில் போட்டு நிற்கலாம், அவ்வளவு மோசமில்லை. அதிலும் கீழே இருக்கிற ஒன்றை மட்டும் கெட்டியாகப் போட்டு, மற்ற இரண்டையும் மெத்தென்று விட்டுவிடலாமே?

நல்ல யோசனைதான். யோசனை சொல்கிறவர்களுக்கு மட்டும் அவள் வாழ்க்கையில் பஞ்சமே இருந்ததில்லை.

மூன்றாவது டெஸ்ட் முடிந்ததும் இன்ஸ்பெக்டரும் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். "ஆட்டோமேட்டிக்ல லைசென்ஸ் எடுத்துக்குங்க, கடை கண்ணிக்குப் போய்வர அது போதும். இந்த வயசுல வேன் ஓட்டணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்து?"

அவள் நேராகக் கவுண்டருக்குப் போய் அடுத்த தேதி வாங்கிக்கொண்டு வந்தாள்.

"மூணையும் கெட்டியாவே போடுங்க தம்பி."

"யோசிச்சுக்குங்கக்கா. மெத்து ரப்பர்னா கால் கொஞ்சம் பிசகினாலும் அதுவே வாங்கிக்கும். இதுல எதையும் மறைக்க முடியாது."

"எதுக்கு மறைக்கணும்? பிசகினா தாராளமா பெயில் பண்ணட்டும். பிசகாத காலைப் பெயில் பண்ண இனி விடமாட்டேன்."

அவர் இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி வைத்தார்.

சாயங்காலம் மறுபடி அவள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து கிளட்ச்சை விட்டாள். இன்ஜின் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அதிர்வு மட்டும் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கில் ஏறி, உள்ளங்கை வரைக்கும் வந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மெக்கானிக்குக்குக் கைவேலை பலித்த சந்தோஷம். கூடவே அவளுக்காக ஒரு ஆத்திரமும் வந்தது.

"மூணு தடவை பக்கத்துலயே உக்காந்திருக்கான், வண்டிக் கோளாறுன்னு அந்த ஆளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எந்த மகராசி பெத்தாளோ அவனை!"

அவள் இன்ஜினை அணைத்தாள்.

"நான்தான் தம்பி. காலையில அவனுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்து அனுப்பிட்டு, பின்னாலேயே டெஸ்டுக்குப் போய் நிப்பேன்."