ஒன்றரைக் கிலோ

உயரம் பார்ப்பதற்காகச் சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நின்றாள் சிறுமி. அவள் கவுனுக்குள்ளிருந்து 'டங்' என்று ஒரு இரும்பு எடைக்கல் விழுந்தது. நர்ஸின் கால் கட்டைவிரல் மயிரிழையில் தப்பியது.

பின்னாலேயே இன்னொன்று. முதலாவது ஒரு கிலோ, இரண்டாவது அரைக் கிலோ.

குழந்தைகளுக்கான அந்த சர்க்கரை கிளினிக்கில் நர்ஸுக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். எடை பார்ப்பதும் உயரம் குறிப்பதும் அவள் வேலை. வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவள் எழுதிய எண்ணில் பத்து கிராம் பிசகியது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. இன்றைக்கு அந்த மானம் கப்பலேறிவிட்டது.

சிறுமிக்கு வயது ஒன்பது. பார்த்தால் ஆறுதான் சொல்வார்கள். அதனால் அங்கே எல்லாருக்கும் அவள் 'பொடிசு'. தினமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். அப்பா இல்லை. அம்மா தெருமுனையில் காய்கறி விற்கிறாள்.

"ஏம்மா, இது உன் கடைக் கல்லுதானே?"

அம்மா குனிந்து எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "எங்க கல்லுதான் சிஸ்டர். இங்க எப்படி வந்துச்சு?"

"என்னைக் கேட்டா? எடை போட்டே பொழைக்கிறவ நீ. என் காதுலயே பூ சுத்துறியா?"

"ஐயோ, எனக்கு ஒண்ணுமே தெரியாது சிஸ்டர்."

"மாசாமாசம் முட்டை, பால் பவுடர், வேர்க்கடலைன்னு பை நிறைய குடுக்கறோமே, அதெல்லாம் எங்க போகுது? அதை வித்துட்டு, பிள்ளைக்குக் கல்லைக் கட்டி அனுப்புறியா?"

அம்மாவின் முகம் சுருங்கியது. "கடைக்கு வர்ற யாருக்கும் நான் ஒரு கிராம் குறைச்சதில்லை சிஸ்டர். பெத்த பிள்ளைக்கா குறைப்பேன்?"

தராசு நம்பவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் பொடிசின் எடை பதினெட்டு கிலோவிலேயே நின்றபோது, "சுகர் இருக்குன்னு பிள்ளையைப் பட்டினி போடுறியா? அது வளர வேண்டாமா?" என்று அத்தனை பேர் முன்னாலும் இவளை வாங்கு வாங்கென்று வாங்கியவள் ஆயிற்றே.

அடுத்த மாதமே எடை ஏறியது. அதற்கடுத்த மாதமும் ஏறியது. எடைக்குத் தகுந்தபடி டாக்டர் இரண்டு முறை இன்சுலினைக் கூட்டினார். பிறகுதான் வந்தது வினை. போன மாதம் மட்டும் மூன்று தடவை பொடிசுக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கி, உடம்பெல்லாம் வேர்த்து மயக்கம் போட்டுவிட்டாள். "அடுத்த தடவையும் காரணம் பிடிபடலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதறேன். வேற ஏதாவது வியாதியா இருக்கலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை.

தராசு சட்டென்று பேச்சை நிறுத்தினாள். இல்லாத எடைக்கும் சேர்த்தல்லவா ஊசி போயிருக்கிறது?

"பொடிசு, மறுபடி ஏறு."

எடை இயந்திரத்தில் முள் பதினெட்டு தொள்ளாயிரத்தில் நின்றது. தராசு நோட்டைப் புரட்டினாள். மூன்று மாதத்துக்கு முன் பதினெட்டு. கல்லே இல்லாமல் தொள்ளாயிரம் கிராம் கூடியிருக்கிறது. உயரத்தையும் பார்த்தாள். ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தது. உயரத்துக்கு எந்தக் கல்லைக் கட்ட முடியும்?

"நிஜமாவே வளர்ந்திருக்காம்மா" என்றாள். குரலில் காரம் பாதியாகக் குறைந்திருந்தது.

"அப்போ அந்த மயக்கம்?"

"டாக்டர்தான் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சு, வியாதி இந்தக் கல்லுதான். கூடின எடைன்னு நெனச்சு மருந்தைக் கூட்டிட்டோம்."

அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"சரி, கல்லைக் கட்டினது யாரு?"

"நான்தான்" என்றாள் பொடிசு. "அம்மாவுக்குத் தெரியாது. இங்க வர்ற அன்னிக்குக் கடை லீவு. கல்லு வீட்டுல சும்மாதானே கிடக்கும்? உள்ள பை தெச்சுப் போட்டுக்கிட்டேன்."

"எதுக்குடி?"

பொடிசு தரையைப் பார்த்தாள். "எடை ஏறலைன்னா நீங்க அம்மாவைத் திட்டுவீங்க. அன்னிக்குத் திட்டினீங்கல்ல, அதுலேர்ந்து அம்மா அவங்க தட்டுல இருக்கறதையும் எனக்கே போட்டுடறாங்க. கேட்டா பசிக்கலைங்கறாங்க."

மூன்று மாதமாக மகளின் எடையையே பார்த்துக்கொண்டிருந்த தராசு, இன்றுதான் அம்மாவைப் பார்த்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கையில் வளையல் முழங்கை வரை வழிந்தது. தராசுக்கு வெட்கமாக இருந்தது.

சத்தம் கேட்டு டாக்டர் எட்டிப் பார்த்தார். தராசு விஷயத்தைச் சொன்னாள்; கட்டியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் நோட்டை வாங்கி, இரண்டு கல்லையும் கையில் தூக்கிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுதே. டோஸைக் குறைச்சுடலாம். பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம்மா, நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "ஆனா இது விளையாட்டு இல்லை, உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். ஃபைல்ல எழுதியாகணும். கல்லைக் கட்டினது யாரு? அம்மாவா, பொண்ணா?"

பொடிசு அம்மாவின் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான்னு எழுதிக்கோங்க டாக்டர்" என்றாள் தராசு.